மாண்டிசோரி வகுப்பறைகளில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள்

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் பிற குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்புகள் மாண்டிசோரி பள்ளிகளில் பிற்காலத்தில் அமைந்தவை. அப்பள்ளிகளின் கற்றல் கருவிகள் பலவற்றுக்கோ மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பயிற்சிகளே மூலம்.

பிரான்சின் அவேரோன் பகுதிக் காடுகளில் திரிந்த, பேச்சறியாத சிறுவன் ஒருவன் 1800இல் பாரிசின் காதுகேளாதோர் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டான். மருத்துவர் ழான் இதார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டுச் சில ஆண்டுகள் பயிற்றுவித்தார். விக்டருக்குப் பேச்சு வசப்படவில்லை. ஆனால் ஒருநாள், பால் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் 4 எழுத்துகளைத் தானே கையோடு எடுத்துப் போய், வழக்கமாகத் தனக்குப் பால் கொடுக்கும் வீட்டின் மேசையில் வரிசை பிசகாமல் அடுக்கிக் காட்டியதாக இதாரின் 1801ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அவனது குறைபாடு பிறவியில் வந்ததா, தனித்து வளர்ந்ததன் விளைவா என்பதில் இதாரும் மனநல மருத்துவர் பினேலும் மாறுபட்டனர். அது ஆட்டிசமாக இருக்கலாம் என்போரும் பின்னாளில் தோன்றினர்.

இதாரின் வழிவந்த எத்வார் செகான், தசைக்கும் புலன்களுக்கும் படிப்படியாகப் பயிற்சி தரும் முறையை வகுத்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவரது ஆங்கில நூல் 1866இல் வெளிவந்தது.

இவ்வரலாற்றில் விரிவாகப் பதிவாகியிருப்பது ரோம் நகரக் காலம். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மாண்டிசோரி, அறிவுவளர்ச்சி குன்றியோர் எனக் காப்பகங்களில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளைக் கண்டு, அவர்களுக்குத் தேவை மருந்தைவிடக் கல்வியே என்று 1898இல் தூரின் மாநாட்டில் வாதிட்டார். 1900இல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியில் காலை 8 முதல் இரவு 7 வரை குழந்தைகளோடு இருந்தார் என அவரே எழுதியிருக்கிறார். இதார், செகான் நூல்களை இத்தாலிய மொழியில் பெயர்த்துத் தம் கைப்படப் படியெடுத்துக்கொண்டார். செகானின் பிரெஞ்சு நூல் மட்டுமே 600 பக்கம்.

எழுத்துகளை அவர் மரத்தில் செதுக்கச் செய்தார்: உயிரெழுத்து சிவப்பு, மெய்யெழுத்து நீலம். குழந்தைகள் அவற்றை விரலால் வருடிப் பழகினர். அவர்களில் சிலர் பொதுப்பள்ளி மாணவர்களுக்கான தேர்வில் தேறினர். அந்த வெற்றி எவ்வளவு தூரம் முறையினால் வந்தது, எவ்வளவு தூரம் அக்குழந்தைகள் முன்பே தவறாகக் கணிக்கப்பட்டதைக் காட்டுகிறது என்பது விவாதத்துக்குரியது. மாண்டிசோரி கேட்டதோ வேறு கேள்வி: இவர்களே தேறும்போது மற்றக் குழந்தைகள் ஏன் இந்த அளவிலேயே நிற்கிறார்கள்?

1907 ஜனவரி 6இல் சான் லொரன்சோ தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. மர எழுத்துகளைச் செய்துதர அங்கு ஆள் வாய்க்கவில்லை. உப்புத்தாளில் வெட்டினார்கள், இன்றும் மாண்டிசோரி வகுப்பின் அடையாளமாக இருப்பது அந்த உப்புத்தாள் எழுத்துதான். இம்முறை உலகெங்கும் பரவியது பிற குழந்தைகளுக்கான கல்வியாகவே.

அப்பரவலின் ஒரு பகுதியாக, 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் பணி தொடர்ந்தது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் பிற குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில், குழந்தை மருத்துவர் தியோடோர் ஹெல்புரூகே முன்னின்று நடத்தியது. மழலையர் பள்ளி 1968இலும் தொடக்கப்பள்ளி 1970இலும் தொடங்கின. வயது கலந்த வகுப்பு, ஒவ்வொருவருக்கும் அவரவர் வேகம் என்னும் மாண்டிசோரி அமைப்பு இதற்கு இசைந்தது.

இந்தியாவில், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் உள்ளடக்கிய கல்வி வழங்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். மாண்டிசோரி பெயரில் நடக்கும் பள்ளிகளில் நடைமுறை பள்ளிக்குப் பள்ளி வேறுபடுகிறது.