எந்தத் தெருவில் குடியேறுவது?

ப்ரமோஷன் வந்தால் பின்னாலேயே டிரான்ஸ்ஃபரும் வரும் என்பது வங்கிக்காரன் தலையெழுத்து. எனக்கு வந்தது திருவனந்தபுரம். பத்து நாளில் ஜாயின் பண்ண வேண்டும். கும்பகோணத்தை விட்டால் திருச்சி, சென்னை மட்டுமே தெரிந்த எனக்கு, அந்த ஊரில் பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

வீடு எங்கே பார்ப்பது? கேட்ட ஒவ்வொருவரும் ஒரு திசையைக் காட்டினார்கள். "கழக்கூட்டம் பக்கம் போங்க சார், டெக்னோபார்க் வந்ததிலேர்ந்து எல்லாம் புது ஃப்ளாட்" என்றார் ஒருவர். "கௌடியார்தான் அமைதி" என்றார் இன்னொருவர். "தமிழாளுங்க வேணும்னா கரமனை" என்றார் மூன்றாமவர்.

எனக்கு இருந்த கவலை வேறு. அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போய், பெண்ணும் பள்ளிக்கூடம் போய்விட்டால், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை அம்மா யாரோடு பேசுவாள்?

வீடு தேடி அலைந்த அந்த இரண்டு மாதத்தில்தான் ஒன்று புரிந்தது. இந்த ஊரில் "எங்கே குடியேறுவது" என்ற கேள்வியைத் தமிழர்கள் இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிலும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றாக இருந்திருக்கிறது.

முதல் பதில், கோயிலும் அரண்மனையும். மார்த்தாண்ட வர்மா 1750-ல் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். அவருக்கு அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795-ல், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. பத்மநாபபுரம் இப்போது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தலைநகரம் மாறினால் கணக்குப்பிள்ளை, சமையல்காரர், வியாபாரி எல்லோரும் பின்னாலேயே வரத்தானே வேண்டும்? நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்தார்கள். கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனை ஆற்றங்கரையிலும் அக்ரஹாரங்கள் எழுந்தன. ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு அரசாங்கச் செலவில் சாப்பாடு கிடைத்ததும் ஒரு காரணம்.

வலியசாலைக்கு இன்னும் பழைய கதை உண்டு. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது பதில், கடைத்தெரு. தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது சாலைக் கம்போளம். கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் தெரு. அரிசி, காய்கறி, பூ, பாத்திரம் என்று இன்றைக்கும் பாதிப் பேரம் தமிழில்தான் நடக்கிறது. அங்கே அரசுத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அந்தத் தெருவிலேயே பாத்திரக்கடை வைத்திருந்துதான் ஆ. மாதவன் 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். 2015-ல் சாகித்ய அகாதமி விருது பெற்று, 2021-ல் காலமானார். சுமட்டுக்காரரையும் பிச்சைக்காரரையும் கதாபாத்திரமாக்க அவர் எங்கும் தேடிப் போகவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

மூன்றாவது, தொழில். பாலராம வர்மா (1798-1810) காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் நெசவாளர்களைக் கூட்டிவந்து, நகரத்துக்குத் தெற்கே தெரு அமைத்துக் கொடுத்தார்கள். அந்த ராஜாவின் பெயரில் அமைந்ததுதான் பாலராமபுரம். ஓணத்துக்கு மலையாளிகள் ஆசையாக வாங்கும் கசவு முண்டின் பின்னால் ஒரு தமிழ்த் தெரு இருக்கிறது.

நான்காவது, உத்தியோகம். செக்ரடேரியட் எதிரே 'ஸ்டாச்சு' என்று ஒரு ஜங்ஷன். யார் சிலை என்று பார்த்தால், திவான் டி. மாதவ ராவ். 1828-ல் பிறந்த எங்க ஊர் கும்பகோணத்துக்காரர்! (முதல் நாளே ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.) செக்ரடேரியட் கட்டடம் அவர் காலத்தில், 1869-ல் முடிந்தது. அலுவலகமும் கல்லூரியும் பெருகப் பெருக, படித்த தமிழர்களும் வந்தார்கள். 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இங்கேதான் தத்துவம் கற்பித்தார். கோட்டை, கரமனை என்றெல்லாம் பார்க்காமல் தள்ளி, பேரூர்க்கடையில் வீடு. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு திருவனந்தபுரம்வாசி எழுதியது என்பது என் பெண்ணுக்குப் பெரிய ஆச்சரியம்.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமை. அடுத்தது அவ்வளவு சுகமில்லை.

ஒரு பழைய தெருவில் வீடு பிடித்துப்போயிற்று. திண்ணை, கிணறு, பின்னால் முருங்கை. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக்காரப் பெரியவர் நல்ல தமிழில் கேட்டார்: "கும்பகோணத்துல எந்தத் தெரு?" அம்மா வெள்ளந்தியாகத் தெருப் பெயரைச் சொன்னாள். பெரியவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. "பசங்களைக் கலந்துண்டு சொல்றேன்" என்றார். சொல்லவேயில்லை. ஆட்டோவில் திரும்பும்போது அம்மா, "நான் தெரு பேரைச் சொல்லியிருக்கக் கூடாதோடா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

நம்மவர் தெரு என்று நாம் உருகுகிறோமே, அந்தத் தெருக்கள் யாரைச் சேர்ப்பது என்பதோடு, யாரைச் சேர்க்காமல் இருப்பது என்பதையும் வைத்துத்தான் உருவாயின. ஐயன்காளி 1893-ல் பொதுவழியில் வில்லுவண்டி ஓட்டிப் போனதே ஒரு போராட்டமாக இருந்த ராஜ்ஜியம் இது. தடுத்தவர்களோடு பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய மோதலே நடந்தது. கோயில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 பிரகடனத்துக்குப் பிறகுதான். தெருவின் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொன்னால், அது கணக்கில் பற்றை எழுதாமல் வரவை மட்டும் எழுதுவது போல.

அப்புறம் 1956. அதற்கு முன் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கக் கோரி நேசமணி தலைமையில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கடைசியில் 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்குச் சொந்த ஊரும் வயலும் ஒரு மாநிலம், வேலையும் வீடும் இன்னொரு மாநிலம். நேற்றுவரை சொந்தத் தலைநகரத்தில் இருந்தவர்கள், வீட்டை விட்டு ஓரடி நகராமலே வெளிமாநிலத்தார் ஆனார்கள். நாமெல்லாம் டிக்கெட் எடுத்துப் புலம்பெயர்கிறோம். அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பெயர்ந்தவர்கள்!

வீடு தேடல் நடந்தது புரட்டாசியில். நவராத்திரிக்கு வருஷா வருஷம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னூற்று நங்கை மூவரும் ஊர்வலமாக இங்கே வருவார்கள். களியக்காவிளை எல்லையில் கேரள போலீஸ் மரியாதையோடு வரவேற்பு. தலைநகரம் மாறினாலும், மாநிலமே பிரிந்தாலும் அந்த வழக்கம் நிற்கவில்லை. நானும் அம்மாவும் கரமனையில் நின்று பார்த்தோம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் நாஞ்சில் தமிழில் விளக்கினார். சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில், முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில் தங்குவார்களாம்.

அம்மா சிரித்தாள். "சாமியே மூணு ஏரியாவாப் பிரிஞ்சு வீடு பாத்துக்கறது. நீ ஏன் இந்தத் தெருதான்னு மருகுற?"

அந்த அம்மாளே, தன் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி மாடி காலியாக இருப்பதாகவும் சொன்னார். அதுதான் இப்போது எங்கள் வீடு. அக்ரஹாரமும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. கரமனைப் பக்கம் ஒரு சாதாரணச் சந்து. வீட்டுக்காரர் மலையாளி, ரிட்டயர்டு வாத்தியார். தெருப் பெயர் கேட்கவில்லை. மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்டார் :-)

புது ஊருக்குப் போகும் நண்பர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்காதீர்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போய்த் தெருவில் நில்லுங்கள். ஆபீஸ் போனவர்கள் போக, மிச்சம் யார் இருக்கிறார்கள், எந்தப் பாஷையில் பேசுகிறார்கள், கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பகலில் வீட்டில் இருக்கப் போகிறவர்தான் அந்தத் தெருவில் உண்மையில் குடியிருக்கப் போகிறவர்.

அம்மா இப்போது "மதி", "வேண்டா" எல்லாம் சொல்லப் பழகிவிட்டாள். எதிர்வீட்டு மலையாளப் பாட்டி அவளிடம் தமிழ் சீரியல் கதை கேட்கிறார். ஆற்றுகால் பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து அடுப்பு வைப்பதாகத் திட்டம். அங்கே இருப்பது நம் கண்ணகிதான் என்று அந்தப் பாட்டிதான் அம்மாவுக்குச் சொன்னாராம்.