ஜப்பானிய வாளணிகள்: சேகரிப்பும் பேணலும்

ஜப்பானிய வாளணிகள் என்பவை வாளின் அலகு நீங்கலாக, பிடியிலும் உறையிலும் பொருத்தப்படும் சிறு உலோகப் பொருள்கள். கைக்கும் அலகுக்கும் நடுவே நிற்கும் 'ட்சுபா' என்னும் தட்டு இவற்றில் முதன்மையானது. பிடியின் வாயில் மாட்டும் வளையம் ஃபுச்சி. பிடியின் கோடியை மூடும் குமிழ் காஷிரா. பிடியைச் சுற்றிய நாடாவின் அடியில் செருகிய சிற்றுருவங்கள் மெனுக்கி. உறையின் ஒரு பக்கம் செருகிவைக்கும் சிறுகத்தியின் பிடி கொசுக்கா எனவும், மறுபக்கம் செருகும் தலைமயிர் கோதும் கருவி கோகாய் எனவும் பெயர் பெறும்.

ட்சுபா பொதுவாக 7 முதல் 8 செ.மீ. அகலமும் அரை செ.மீ. தடிமனும் உடையது. நடுவில் அலகின் அடித்தண்டு நுழைய ஆப்பு வடிவத் துளையும், பலவற்றில் கொசுக்காவுக்கும் கோகாய்க்கும் வழிவிடும் பக்கத்துளைகளும் உண்டு. குத்தும்போது கை அலகின்மேல் வழுக்கி ஏறாமல் தடுப்பதும், வாளின் எடையைக் கைப்பக்கம் இழுத்துச் சமன் செய்வதும் இதன் பயன்கள். எதிரியின் வெட்டைத் தாங்குவதே முதற்பயன் என்பாரும் உளர்.

தொடக்க காலம்

கோஃபுன் காலத்துக் கல்லறை மேடுகளில், ஓரத்தைச் சுற்றிச் சிறு துளைகள் வெட்டிய முட்டை வடிவத் தட்டுகள் வாள்களோடு கிடைத்துள்ளன. ஹெய்யான், காமாகுரா காலங்களைச் சேர்ந்தவை பெரும்பாலும் கோயில்களுக்குக் காணிக்கையாக வந்த வாள்களில் எஞ்சியவையே. தோலை அடுக்கி அரக்குப் பூசிய தட்டுகளும் அக்காலத்தில் வழங்கின.

முரோமாச்சி காலத்தின் மெல்லிய, எளிய இரும்புத் தட்டுகளை வாட்கொல்லர் செய்தவை, கவசக்கொல்லர் செய்தவை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஆனால் இத்தட்டுகளில் செய்தவர் பெயர் இல்லை. அகியாமா க்யூசாக்குவும் (இறப்பு 1936) அவர் வழிவந்த ஆய்வாளரும் பரப்பிய இப்பகுப்பு, வேலைப்பாட்டின் சாயலை மட்டுமே சான்றாகக் கொண்டது. வாட்கொல்லர் உண்மையில் இவற்றைச் செய்தனரா என்பதில் இன்று கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஏலப் பட்டியல்களும் அருங்காட்சியக அட்டைகளும் அப்பெயர்களையே ஆள்கின்றன.

கோத்தோ குடும்பம்

பெயரும் தலைமுறையும் தெளிவாகத் தெரியும் முதல் மரபு கோத்தோ குடும்பத்தினுடையது. முதல்வரான கோத்தோ யூஜோ (1440–1512) எட்டாம் ஆஷிகாகா ஷோகனான யோஷிமாசாவுக்குப் பணிபுரிந்தவர் என்பது குடும்ப மரபு. அவரோடு சேர்த்து மெய்ஜி காலம் வரை 17 தலைமுறைகள் இத்தொழிலில் நீடித்தன. ஐந்தாம் தலைவர் தொக்குஜோ, அப்போதைய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் ஆணைப்படி 1588இல் ஓபான் என்னும் பெரிய பொற்காசுகளை வெளியிடும் பொறுப்பையும் ஏற்றார். காசின் மதிப்பும் கோத்தோ கையொப்பமும் அதன்மேல் தூரிகையால், மசியில் எழுதப்பட்டன. எழுத்து அழிந்தால் கோத்தோ வீட்டுக்கே கொண்டுபோய்க் கூலி கொடுத்து மீண்டும் எழுதி வாங்க வேண்டும்.

இந்த எழுத்து வேலையை வாளணிகளிலும் காணலாம். யூஜோவும் அவரை அடுத்து வந்த தலைவர்களும் தம் வேலையில் பெயர் பொறிக்கவில்லை. பிற்காலத் தலைவர்கள் முன்னோர் செய்தவை எனத் தாம் கருதியவற்றில் அவ்வாறே பொறித்துத் தம் கையொப்பத்தையும் சேர்த்தனர். பொன்னில் விலை குறித்து மடிதாள் சான்றும் வழங்கினர். ஆகவே இன்று யூஜோவின் வேலை எனப்படுவதில் பெரும்பகுதி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வழித்தோன்றல்களின் சொல்லை நம்பியே நிற்கிறது. செய்தவர்களே மதிப்பீட்டாளர்களாகவும் இருந்ததை நினைவில் கொள்ள வேண்டும்.

கோத்தோ பட்டறையின் அடையாளம் ஷாக்குதோ என்னும் கலவை: செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு பொன். வார்த்தெடுத்தபோது சாதாரணச் செம்பாகத் தெரியும் இதைக் கரித்தூளால் மெருகிட்டு, துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செம்புக் களிம்பும் துத்தமும் கரைத்த நீரில் கொதிக்கவைத்தால் நீலம் ஓடிய கருமை ஏறும். ஈரக் காக்கைச் சிறகின் நிறம் என்பது ஜப்பானியர் வழக்கு. அந்தக் கரும்பரப்பில் 'நனக்கோ' என்னும் மீன்முட்டை மணிகளைப் பதிப்பர். முனை கிண்ணமாய்க் குழிந்த உளியை நிறுத்திச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு மணி எழும். அடுத்தது அதை ஒட்டியே எழ வேண்டும்; வரிசை கோணக்கூடாது. உருப்பெருக்கியில் பார்த்தால், தேர்ந்த வேலையில் மணிகள் விளிம்பின் வளைவைத் தொடர்ந்து சென்று, சிற்ப உருவத்தின் அடிவரை இடைவெளியின்றிப் போய்ச் சேர்வது தெரியும். மட்டமான வேலையில் உருவத்தின் ஓரத்தில்தான் மணிகள் தடுமாறும்.

பிற மரபுகள்

ஃபுஷிமியில் வாழ்ந்த கானெயியே, ட்சுபாவில் நிலக்காட்சி தீட்டியவர்களுள் முதல்வர் எனப்படுகிறார். அப்பெயரில் எத்தனை பேர் இருந்தனர் என்பது முடிவாகவில்லை. ஒவாரி நாட்டு நொபுயியேயைக் கவசக்கொல்லர் மியோச்சின் நொபுயியேயோடு ஒன்றாக்கிய பழைய கருத்தைப் பெரும்பாலோர் இன்று ஏற்பதில்லை.

நாட்டில் அமைதி நிலைத்தபின் வாளணி போர்க்கருவியைவிட ஆடையணியோடு நெருங்கியது. யொக்கோயா சோமின் (1670–1733) கோத்தோ நெறியிலிருந்து விலகி, தூரிகைக் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் உளியிலேயே கொண்டுவந்தார். நாரா மரபின் மூவருள் ட்சுச்சியா யசுச்சிக்கா (1670–1744) பலராலும் போற்றப்படுபவர். ஹிகோவில் தேநீர்க் கலையறிஞரும் பிரபுவுமான ஹொசொக்காவா தாதாஓக்கியின் (1563–1646) ரசனை, பகட்டற்ற கரிய இரும்பை உயர்த்தியது. அம்மரபின் ஹயாஷி மதஷிச்சி (1613–1699) துப்பாக்கிக் கொல்லர் குடியில் பிறந்தவர். ஹொசொக்காவா குடும்பச் சேகரிப்பின் ஒரு பகுதி, 1950இல் தோக்கியோவில் நிறுவப்பட்ட எய்செய் புன்கோவில் உள்ளது.

இத்துறைக்கு முதல் முழுநூல் தந்தவர் ஒரு வணிகர். ஒசாகாவின் வாள் வணிகர் இனாபா ட்சூர்யூ 1781இல் 'சோக்கென் கிஷோ' என்னும் ஏழு தொகுதி நூலை வெளியிட்டார். விற்பனைக்கு உதவவே எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் பிற்கால அகராதிகள் யாவும் ஏதோ ஒரு வகையில் அதற்குக் கடன்பட்டவை.

வாள் தடையும் மேலைநாட்டுச் சேகரிப்பும்

1876 மார்ச் 28ஆம் நாள் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தது. படையினர், காவலர் முதலியோருக்கு மட்டும் விலக்கு. வாளணித் தொழிலின் வாடிக்கையாளர் ஒரே ஆணையில் இல்லாமற்போயினர். கோத்தோ மரபின் பெரும் கைவினைஞர் இச்சிஜோ (1791–1876) அதே ஆண்டில்தான் இறந்தார். இளையவர்கள் வேறு வழி தேடினர். கனோ நட்சுவோ (1828–1898) ஏற்கெனவே புதிய அரசின் நாணயங்களுக்கு டிராகன் உருவம் வரைந்து அச்சு வெட்டியிருந்தார். பின்னாளில் தோக்கியோ நுண்கலைப் பள்ளியில் பேராசிரியரானார். மற்றும் பலர் பூச்சாடி, புகையிலைப் பெட்டி எனக் கண்காட்சிக்கும் ஏற்றுமதிக்கும் உரிய பொருள்களில் அதே பொற்பதிப்பு வேலையைத் தொடர்ந்தனர்.

வறுமையுற்ற சாமுராய் குடும்பங்களின் வாளணிகள் வணிகர் கைக்கு வந்தன. பல பொருத்துகள் பிரிக்கப்பட்டு, ட்சுபா ஒரு கடைக்கும் மெனுக்கி மற்றொரு கடைக்கும் போயின. வாளிலிருந்து கழன்ற ட்சுபா தட்டையானது, எடை குறைந்தது, பெட்டியில் அடுக்க ஏற்றது, கப்பலேறியதில் வியப்பில்லை. பாரிஸில் வணிகர் சீக்ஃபிரீட் பிங், ஜப்பானியக் கலைப்பொருள்களுக்கான சந்தையை வளர்த்தார். பாஸ்டனின் மருத்துவர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோ 1882இல் ஜப்பானுக்குச் சென்று ஏழாண்டு தங்கித் திரட்டியவற்றுள் வாளணிகளும் உண்டு. அவை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

ஹாம்பர்க்கில் நிகழ்ந்தது வேறுவகை. அந்நகரக் கலைத்தொழில் அருங்காட்சியகத்தின் தலைவர் யுஸ்டுஸ் பிரிங்க்மன், ஹாரா ஷின்கிச்சி என்னும் ஜப்பானியரைப் பணியில் அமர்த்தினார். ஹாரா 1902இல் வாளணிக் கலைஞர்களின் பெயரகராதியை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். லண்டனில் ஆன்றி ஜொலி (இறப்பு 1920), தனியார் சேகரிப்புகளுக்கு விரிவான பட்டியல்கள் தொகுத்தார்: ஹாக்‌ஷா சேகரிப்பு 1910இலும், நாண்டன் சேகரிப்பு 1912இலும் அச்சேறின. பேரன்ஸ் சேகரிப்பு 1913–14இல் ஏலத்துக்கு வந்தபோது அதற்கும் அவரே பட்டியலிட்டார். அச்சேகரிப்புகள் சிதறிவிட்டன, பட்டியல்கள் நின்றன. இன்றும் ஒரு ட்சுபா ஏலத்துக்கு வரும்போது, ஜொலியின் பட்டியலில் அதன் எண் இருந்தால் விலை உயரும்.

வேதியியலர்கள் பலர் இச்சேகரிப்பில் ஈடுபட்டது தற்செயலன்று. கலவைகளின் நிறம் அவர்களை ஈர்த்தது. வில்லியம் கௌலண்ட் 1872 முதல் 1888 வரை ஒசாகா நாணயசாலையில் பணியாற்றி ஜப்பானிய உலோக வேலையைப் பற்றி எழுதினார். லண்டன் நாணயசாலையின் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் இக்கலவைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். ஓவிய வண்ணங்களின் வேதியியலை எழுதிய ஆர்தர் சர்ச் (1834–1915) 1,200க்கும் மேற்பட்ட ட்சுபாக்களைத் திரட்டினார். அவை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத் தொகுப்பை ஹெலன் கன்சாலஸ் 1923இல் நூலாக்கினார்.

பேணும் முறைகள்

சேகரிப்போரிடையே கருத்து மோதல் மிகுந்த பகுதி இது. இரும்பு ட்சுபாவின் மதிப்பு அதன் கருந்தோலில் இருக்கிறது. அத்தோலும் துருவின் ஒரு வகையே. ஆனால் அடர்ந்து இறுகி, அடியிலுள்ள இரும்பைக் காப்பது. அதன்மேல் பொடியாய்ப் பூக்கும் செந்துரு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே அரிக்கும். ஒன்றை நீக்கி மற்றதைத் தொடாமல் விடுவதே கலை. அமிலமோ கம்பித் தூரிகையோ இந்த வேறுபாட்டை அறியாது. ஒரு மாலையில் இரண்டையும் சேர்த்து வழித்துவிட்டு, சாம்பல் நிற வெற்று இரும்பை மிச்சம் வைக்கும். உளித்தடங்களின் கூர்மையும் அதோடு மழுங்கும். பெயர் பொறிக்காத தட்டின் காலத்தையும் ஊரையும் அறிய அத்தோலும் தடங்களுமே சான்று என்பதால், இத்தகைய சுத்தம் ஆவணத்தை அழிப்பதற்குச் சமம்.

பழக்கத்தில் உள்ள முறை மெதுவானது. எலும்பையோ மான்கொம்பையோ உளிமுனைபோல் சீவி, நல்ல வெளிச்சத்தில் செந்துருப் புள்ளியின்மேல் மட்டும் தேய்ப்பர். கொம்பு துருவைவிடக் கெட்டி, இரும்பைவிட மென்மை. துரு உதிரும், இரும்பு கீறாது. பின்பு பருத்தித் துணியால் நாள்தோறும் தேய்த்துவந்தால் சில மாதங்களில் பளபளப்பு மீளும். வாள் அலகுக்கு இடும் கிராம்பு எண்ணெயை ட்சுபாவுக்கும் தொட்டு வைக்கலாம் என ஒரு சாரார் கூறுவர். எண்ணெய் தூசியைப் பிடித்து வெட்டுத்துளைகளில் பசையாகும் என மறுப்பார் ஒரு சாரார். அருங்காட்சியகங்கள் சில மெழுகுப் பூச்சை விரும்புகின்றன.

ஷாக்குதோவுக்கும் வெள்ளிக் கலவைகளுக்கும் விதி ஒன்றே: தேய்க்கக்கூடாது. அவற்றின் நிறம் மிக மெல்லிய படலம். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பசை பட்டால் கருமை போய்ச் செம்பு பல்லிளிக்கும். விரலின் வியர்வை உப்பும் கறைப்படுத்தும். எனவே ட்சுபாவை விளிம்பில் பிடிப்பதே முறை. அலகின் அடித்தண்டு இறங்கிய துளையின் மேலும் கீழும் பதித்த செப்புத் துண்டுகளையும், பக்கத்துளையை அடைத்த ஈயத்தையும் அழுக்கென்று எண்ணிப் பிடுங்குவோர் உண்டு. தட்டு எத்தனை வாள்களில் மாறி மாறி இருந்தது என்பதை அவையே காட்டும்.

பாவ்லோனியா மரப்பெட்டியில் மெத்தையிட்டு வைப்பது ஜப்பானிய வழக்கம். இதற்கு வேதியியல் நியாயமும் உண்டு. ஓக் மரப்பெட்டியில் கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். பெட்டி மூடியின் உட்புறத்தில் அறிஞர்கள் தம் தீர்ப்பை மசியால் எழுதித் தருவதுண்டு. சதோ கன்சான், தொரிகொயே கசுதாரோ போன்றோர் எழுதிய மூடிகளை விரும்பித் தேடுகின்றனர். மூடி ஒரு தட்டுக்கும் உள்ளிருப்பது வேறொரு தட்டுக்கும் உரியதாக இருக்கக்கூடும் என்பதால், எழுத்தோடு பொருளை ஒப்பிடுவது அவசியம்.

1945க்குப் பின்

நேச நாட்டு ஆட்சி வாள்களைப் பறிமுதல் செய்தபின், கலை மதிப்புள்ளவற்றைக் காக்கும் முயற்சியாக 1948இல் ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புக் கழகம் உருவானது. அது வாளணிகளையும் ஆராய்ந்து தரச்சான்று வழங்குகிறது. 1982இல் சான்று முறை மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய சான்றுகளைச் சேகரிப்போர் எச்சரிக்கையுடனேயே ஏற்கின்றனர். ஜப்பானில் வாள் அலகைப் பதிவுசெய்தாக வேண்டும், ட்சுபாவுக்கு அக்கட்டாயம் இல்லை. வெட்டுவேலை ட்சுபாக்களைப் பற்றி சசானோ மசயுக்கி எழுதிய நூல் 1972இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

கழகத்தின் வாள் அருங்காட்சியகம் 2018இல் யொயொகியிலிருந்து ர்யோகொக்குவுக்கு இடம் மாறியது. இணைய ஏலங்களில் வார்ப்பு இரும்புப் போலிகள் மிகுந்துள்ளன. வெட்டுத்துளைகளின் உட்சுவரில் அச்சின் இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது முதற்சோதனை. தட்டினால் எழும் ஓசையையும் சிலர் கணக்கில் கொள்வர்.