விசிறி இல்லாத பெட்டி

நம்ம ஊரில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெயர் 'சிபியூ'. கடைக்காரர் மட்டும் 'கேபினெட்' என்பார். கல்லூரி நாட்களில் என் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு எப்போதும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். மே மாத மதியங்களில் திறந்த பக்கத்துக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பிவைப்பேன். அழகைப் பற்றி யார் கவலைப்பட்டது? மெஷின் அணையாமல் இருந்தால் போதும்.

அதனால்தானோ என்னவோ, ஆப்பிளின் பவர் மேக் ஜி4 க்யூபைப் பற்றிப் படித்தபோது முதலில் பொறாமைதான் வந்தது. 2000 ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தினார். வடிவமைப்பு ஜோனதன் ஐவ் குழுவுடையது. கண்ணாடி போன்ற அக்ரிலிக் உறைக்குள் எட்டு அங்குலக் கனசதுரம் ஒன்று அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். விசிறி கிடையாது. அடியில் நுழையும் காற்று நடுவிலுள்ள ஹீட் சிங்கில் சூடாகி, தானாக மேலேறி வெளியே போய்விடும். பழைய வீட்டு அடுக்களையின் புகைபோக்கி செய்கிற அதே வேலை. தலைகீழாக வைத்துக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் மொத்த எந்திரமும் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் தேடி வீட்டையே புரட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்த ஆசை புதிதல்ல. 1980-ல் வந்த ஆப்பிள் III-லும் விசிறி கூடாது என்று ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். சூட்டை அலுமினிய உடலே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சில்லுகள் சாக்கெட்டில் நிற்கவில்லை. மெஷினைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள் என்று வைத்தியம் சொல்ல வேண்டியதாயிற்று.

க்யூப் அந்தச் சூட்டைச் சமாளித்துவிட்டது. சறுக்கியது வேறு இடத்தில். விலை 1,799 டாலர். பிசிஐ கார்டு செருக இடமில்லை. பவர் சப்ளை தனிக் கட்டியாக மேஜைக்கு அடியில் கிடந்தது. கார்டு செருக இடமுள்ள ஜி4 டவரோ 1,599 டாலரிலேயே கிடைத்தது. போதாததற்கு, சிலருடைய அக்ரிலிக்கில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அச்சு வார்ப்பின் கோடுகள் என்றது ஆப்பிள். காசு கொடுத்தவர் கண்ணுக்கு அது விரிசல்தானே? 2001 ஜூலை 3 அன்று உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

க்யூப் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது 2005-ல் வந்த மேக் மினி. அதுவும் சின்னப் பெட்டிதான், பவர் சப்ளையும் வெளியேதான். விலை 499 டாலர். உள்ளே ஒரு குட்டி விசிறி சுற்றியது. அதை யாரும் குறையாகப் பேசியதாகத் தெரியவில்லை. விசிறியை எதிரியாக நினைத்ததுதான் க்யூபின் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.