வரவின் ஆயுளும் திட்டத்தின் ஆயுளும்: தொழில்முறைச் சங்கங்களின் நிதி நிர்வாகம் குறித்து

தொழில்முறைச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, உறுப்பினர்கள் பெரும்பாலும் கடைசி வரிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். உபரி என்றால் கணக்கு கைதட்டலோடு நிறைவேறிவிடும். பற்றாக்குறை என்றால், நட்டத்தில் ஓடும் திட்டங்களை நிறுத்த வேண்டும் என்று யாராவது எழுந்து சொல்வார். இரண்டுமே தவறான அணுகுமுறைகள் என்பது என் வாதம். ஒரு திட்டம் சம்பாதிக்கிறதா, செலவு வைக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. அதைத் தாங்கும் வரவு எவ்வளவு காலம் வரும், அத்திட்டம் எவ்வளவு காலம் நடந்தாக வேண்டும், இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதே முதல் கேள்வி.

1907ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஏப்ரலில், துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி அய்யரின் முயற்சியால் இருபது உறுப்பினர்களோடு ஒரு கணித மன்றம் தொடங்கியது. இந்தியக் கணிதச் சங்கம் என்று பின்னாளில் பெயர்பெற்றது அதுதான். தனியொருவர் சம்பளத்தில் வாங்க முடியாத வெளிநாட்டுக் கணித இதழ்களையும் நூல்களையும் எல்லாரும் சேர்ந்து சந்தா கட்டி வாங்குவது, புணே ஃபெர்குசன் கல்லூரியில் வைப்பது, உறுப்பினர்களுக்கு அஞ்சலில் சுற்றுக்கு விடுவது: இதுவே அதன் முதல் திட்டம். ஆண்டுதோறும் வரும் சந்தா ஆண்டுதோறும் எழும் தேவைக்குச் செலவானது. பணம் கட்டியவர்களும் பயன்பெற்றவர்களும் ஒருவரே. சங்கத்தின் சொந்த இதழ் 1909இல் வந்தது. ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911இல் அதில்தான் வெளியானது. சிறிய வரவு, சிறிய திட்டம், இரண்டுக்கும் ஒரே ஆயுள் என்று இருந்தபடியால்தான் அந்தச் சங்கம் தன் இளமைக் காலத்தைத் தாண்டியது என்று நான் கருதுகிறேன்.

அதே 1907இல் அமெரிக்க வேதியியல் சங்கமும் ஏறத்தாழ அதே தேவைக்காக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. உலகெங்கும் வெளியாகும் வேதியியல் ஆய்வுகளின் சுருக்கங்களைத் தொகுத்துத் தரும் ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற இதழ் அது. சுருக்கம் எழுதியவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அப்படியிருந்தும் அது பல பத்தாண்டுகள் சங்கத்தின் பொதுப்பணத்தைத் தின்றுகொண்டே இருந்தது. கடைசி வரியை மட்டும் பார்க்கும் பொதுக்குழு அதை அன்றே மூடியிருக்கும். ஆனால் வேதியியலாளர் எவருக்கும் அது இல்லாமல் வேலை ஓடாது என்பதைச் சங்கம் உணர்ந்திருந்தது. 1956இல் அது ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ்’ என்ற தனிப் பிரிவானது. இன்று அச்சங்கத்தின் வருவாயில் மிகப் பெரும் பங்கு இந்தத் தகவல் சேவையிலிருந்தும் ஆய்விதழ்களிலிருந்தும்தான் வருகிறது. உறுப்பினர் சந்தாவின் பங்கு மிகச் சிறியது. நட்டக் கணக்கில் இருந்த திட்டமே பிற்காலத்தில் மற்றத் திட்டங்களுக்குச் சோறு போட்டது.

இதற்கு நேர்மாறான பாடம் ஒன்றைக் கணினித் துறை தருகிறது. 1947இல் நிறுவப்பட்ட கணினியாளர் சங்கமான ஏசிஎம், ‘சிக்’ எனப்படும் சிறப்பு ஆர்வக் குழுக்களாகப் பிரிந்து இயங்குவது. ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கணக்கு உண்டு. மாநாடு நடத்திக் கிடைக்கும் உபரி அக்கணக்கில் சேரும். தலைமையகத்துக்கு நிர்வாகப் பங்கு செலுத்த வேண்டும். ஒரு குறைந்தபட்ச இருப்பையும் காக்க வேண்டும். குழு உயிர்ப்போடு இருக்கிறதா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை ஆய்வும் நடக்கும். நம் சங்கங்களின் கிளைகளும் பிரிவுகளும் கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு இது. ஆனாலும் அக்குழுக்களின் வரவில் ஒரு பகுதி மின்நூலகத்திலிருந்து வந்தது. பல்கலைக்கழக நூலகங்கள் வாசிப்பதற்காகக் கட்டிய சந்தா அது. அறிவியல் கட்டுரைகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபின், 2026 ஜனவரி முதல் தன் வெளியீடுகள் அனைத்தையும் திறந்த அணுக்கத்தில் வைப்பதென்று ஏசிஎம் முடிவெடுத்தது. வாசிப்பவர் கட்டிவந்த இடத்தில் இனி எழுதுபவரும் அவருடைய நிறுவனமும் கட்டியாக வேண்டும். வாசிக்கும் நூலகங்கள் பல. நிறைய எழுதும் பல்கலைக்கழகங்களோ சில. பாரம் அந்தச் சிலரின் மேல் இறங்குகிறது.

திறந்த அணுக்கத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு மாணவர் கட்டணமின்றி ஒரு கட்டுரையைப் படிக்க முடிவதைவிட ஒரு சங்கத்தின் உபரி பெரிதல்ல. நான் சொல்லவருவது வேறு. இதழ் வருவாய் என்றென்றைக்கும் வரும் என்று நம்பி மாணவர் பயண உதவித்தொகை, பெண் ஆய்வாளர் ஊக்கத் திட்டம், பள்ளி ஆசிரியர் பயிற்சி போன்றவற்றை அதன்மேல் கட்டியெழுப்பிய சங்கங்கள் உலகெங்கும் இப்போது தவிக்கின்றன. பயண உதவித்தொகை ஆண்டுதோறும் தர வேண்டியது. அதைத் தாங்கிய வரவோ ஒரு வணிகமுறையின் ஆயுளுக்குள் அடங்கியது.

தேர்வுக் கட்டணமும் இத்தகைய வரவுதான். 1920இல் சென்னையில் பதிவாகி 1935இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்திய ஏஎம்ஐஇ தேர்வு, கல்லூரி செல்ல வழியில்லாத ஆயிரக்கணக்கான தொழில்நுட்பப் பணியாளர்களைப் பொறியாளராக்கியது. அத்தேர்வைப் பட்டத்துக்கு இணையாகக் கொள்வது 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கே என்று மத்திய அரசு வரம்பிட்டது. திட்டத்தின் உள்ளே ஒன்றும் மாறவில்லை. வெளியிலிருந்த அங்கீகாரம் மாறியது. தேர்வு நடத்தும் எந்தச் சங்கமும் அந்தக் கட்டணத்தை நிரந்தர வரவாக எழுதிவைக்கக் கூடாது.

முதலைத் தொடாமல் அதன் ஈட்டத்தை மட்டும் செலவிடும் மூலநிதி இதற்கு விலக்கா? ஆயுளில் விலக்குத்தான், நோக்கத்தில் அல்ல. 1944இல் ஏழு எண்ணெய் நிறுவனங்கள் தங்களிடமிருந்த பங்குகளைக் கொடையாக அளித்து உருவாக்கிய பெட்ரோலிய ஆய்வு நிதி, 1954 முதல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் வழியாக ஆய்வு நல்கைகளைத் தந்துவருகிறது. பெட்ரோலியத் துறை சார்ந்த உயர் அறிவியல் கல்விக்கும் அடிப்படை ஆய்வுக்கும் மட்டுமே அது செலவாகலாம். சங்கத்துக்கு எத்தனை நெருக்கடி வந்தாலும் அலுவலக வாடகைக்கு அதில் கைவைக்க முடியாது. நோக்கத்தை ஒரு துறை என்ற அகலத்தில் எழுதிவைத்ததால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதற்குத் தகுந்த விண்ணப்பங்கள் கிடைக்கின்றன. நம் ஊர் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பலவற்றில் இதன் எதிர்நிலையைக் காணலாம்: தலைப்பு குறுகியது, தொகை சிறியது. வட்டி இன்று பேச்சாளரின் ரயில் கட்டணத்துக்கே போதாமல், மீதியைப் பொதுக்கணக்கு சத்தமில்லாமல் ஏற்கிறது.

நம் சங்கங்களின் பெரிய நோய் ஆயுள் சந்தா. ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். ஆயுள் சந்தா 5,000 ரூபாய். வைப்புநிதியில் 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 350 ரூபாய். காலாண்டிதழ் ஒன்றை அச்சிட்டு அனுப்ப 150 ரூபாய் ஆனால், நான்கு இதழ்களுக்கு 600. ஒவ்வோர் ஆயுள் உறுப்பினராலும் ஆண்டுக்கு 250 ரூபாய் துண்டு விழும். 2,000 பேர் என்றால் 5 லட்சம். இது சந்தாப் பணம் முழுதும் வங்கியில் பத்திரமாக இருக்கும் நிலையில்! வந்த ஆண்டே அந்த ஒரு கோடியை மாநாட்டு விருந்துக்கும் கட்டட வண்ணத்துக்கும் செலவிட்டிருந்தால், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க் கடமை எந்த ஆதாரமும் இன்றி நிற்கும். ஆயுள் சந்தாவை நடப்பு வருமானமாக எழுதுவது விதைநெல்லைச் சமைப்பதுதான். உறுப்பினர் சேர்க்கை இயக்கம் நடந்த ஆண்டில் கணக்கில் உபரி தெரியும். அதைப் பார்த்துப் புதுத் திட்டங்கள் அறிவிக்கப்படும். சேர்க்கை ஓய்ந்ததும் முதலில் நிற்பது இதழ்.

இதற்கு வரிச் சட்டத்தைக் காரணம் சொல்வோர் உண்டு. அறநிறுவனமாகப் பதிவான சங்கம் தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற விதியால் மார்ச் மாதத்தில் அவசரக் கருத்தரங்குகள் பெருகுகின்றன என்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட நோக்கத்தைத் தெரிவித்து, உரிய படிவத்தைத் தாக்கல் செய்து, பணத்தை ஐந்தாண்டு வரை சேர்த்துவைக்கச் சட்டமே இடம் தந்திருக்கிறது. மூலநிதிக்கென்று கொடையாளர் எழுதித் தரும் தொகைக்குத் தனி ஏற்பாடும் உண்டு. பல செயற்குழுக்கள் இவ்வழிகளைக் கையாளாததற்குக் காரணம் சட்டமல்ல. நோக்கத்தை எழுத்தில் வைத்தால் பிறகு மாற்ற முடியாதே என்ற தயக்கம்.

வரவுக்குப் பொருந்தித்தான் திட்டம் என்றால் புதிய முயற்சி எதுவுமே பிறக்காதே என்று கேட்கலாம். பிறக்கும். நிலையற்ற வரவைக் கொண்டு காலவரம்புள்ள திட்டங்களைத் தாராளமாகத் தொடங்கலாம். மாநாட்டு உபரியில் மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம், ஒரு நிறுவனத்தின் நன்கொடையில் ஐந்தாண்டு ஆய்வு உதவித்தொகை என்று முடிவுத் தேதியை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ போல உறுப்பினருக்கு இன்றியமையாதது என்று நிரூபணமான திட்டத்துக்கு மட்டும், நட்டமானாலும், ஆண்டுச் சந்தாவில் உறுதியான பங்கு ஒதுக்கலாம். அந்தப் பங்கு எவ்வளவு என்பது உறுப்பினருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தொழில்முறை அமைப்புகளுக்கு இதில் முதல் அடி எளிது. ஆயுள் சந்தா முழுவதும் மூலநிதிக்கே செல்லும், அதன் வட்டி மட்டுமே செலவாகும் என்று ஒரு துணைவிதியைச் சிறப்புத் தீர்மானத்தால் சேர்த்தால் போதும். சங்கப் பொறுப்பில் இருக்கும் வாசகர்கள் வரும் ஆண்டே அந்தத் தீர்மானத்தை முன்மொழிய வேண்டுகிறேன்.