ஏபிளக்கோஃபோரா

ஏபிளக்கோஃபோரா என்பது மெல்லுடலிகள் தொகுதியைச் சேர்ந்த, ஓடற்ற, புழு வடிவக் கடல்வாழ் விலங்குகளின் குழு ஆகும். நத்தை, சிப்பி, கணவாய் ஆகியன இதே தொகுதியின் பிற உறுப்பினர்கள். இப்பெயர் கிரேக்க மொழியில் 'தட்டுகளைத் தாங்காதவை' எனப் பொருள்படும். ஏறத்தாழ 400 இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை ஆழ்கடலில் வாழ்கின்றன.

புதுச்சேரி உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் படகு மரங்களைத் துளைக்கும் கப்பற்புழுவும் புழு வடிவ மெல்லுடலியே. எனினும் அது இரண்டு சிறிய ஓடுகளைக் கொண்ட சிப்பி வகை, இக்குழுவில் அடங்காது.

உடலமைப்பு

பெரும்பாலான இனங்கள் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை நீளமுடையவை. எபிமேனியா பேரினத்தில் 30 செ.மீ. வரை வளர்பவை உள்ளன. ஓட்டிற்குப் பதிலாகச் சுண்ணாம்பாலான நுண்முட்கள் தோலை மூடியுள்ளன. பல இனங்களில் காணப்படும் ராடுலா என்னும் அரம் போன்ற நாக்கு, இவை மெல்லுடலிகள் என்பதற்கு முக்கியச் சான்றாகும்.

வகைப்பாடு

இக்குழுவில் இரண்டு பிரிவுகள் உள்ளன.

* சொலெனோகாஸ்ட்ரெஸ்: வயிற்றுப்புறத்தில் நீளவாக்கில் ஒடுங்கிய பள்ளம் உண்டு. அதனுள் இருக்கும் சிறு மடிப்பே பாதம். இவை இருபாலுயிரிகள். பெரும்பாலும் பவளம் போன்ற குழியுடலிகளை உண்கின்றன.
* காடோஃபோவியேட்டா: பாதம் இல்லை. சேற்றில் புதைந்து வாழ்கின்றன. உடலின் பின்முனையில் ஓரிணைச் செவுள்கள் உண்டு. ஆண், பெண் தனித்தனியானவை.

வகைப்பாட்டு வரலாறு

சுவீடன் நாட்டு விலங்கியலாளர் ஸ்வென் லோவென் 1844-இல் கீட்டோடெர்மா பேரினத்தை விவரித்தபோது, அதனைப் புழு என்றே கருதினார். 1876-இல் எர்மன் ஃபொன் ஈரிங் இவ்விலங்குகளை, எட்டு ஓட்டுத் தட்டுகள் கொண்ட கைட்டன்களுடன் ஒரே குழுவில் சேர்த்தார்.

ஓடில்லாமை தொன்மையான பண்பா, பின்னர் ஏற்பட்ட இழப்பா என்பது நெடுங்கால விவாதம். முன்னதே சரி எனில், மெல்லுடலிகளின் முதல் மூதாதையும் ஓடற்ற புழு போன்றதாக இருந்திருக்கலாம். பின்வந்த சான்றுகள் இழப்பையே ஆதரிக்கின்றன. 2011-இல் வெளியான மரபணு ஆய்வுகள் இவை கைட்டன்களின் நெருங்கிய உறவினர் எனக் காட்டின. ஏறத்தாழ 42.5 கோடி ஆண்டுகள் பழமையான குலிந்திரோபிளாக்சு என்னும் இங்கிலாந்துப் புதைபடிவம் 2012-இல் விவரிக்கப்பட்டது. அதன் புழு போன்ற உடலின் முதுகில் ஏழு தட்டுகள் இருந்தன. 2013-இல் வைரெனியா என்னும் சொலெனோகாஸ்ட்ரெஸ் இளவுயிரியில் கைட்டனை ஒத்த தசையமைப்பு கண்டறியப்பட்டது. எனவே இவற்றின் மூதாதையர் தட்டுகள் உடையவையாக இருந்து, பின்னர் அவற்றை இழந்தன எனக் கருதப்படுகிறது. இரண்டு பிரிவுகளையும் கைட்டன்களையும் இணைத்து அக்குலிஃபெரா என அழைப்பர்.