நெஞ்சு பாரம்: மன்னார்க் கரையில் மனச்சோர்வு

மன்னாரில் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போய் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வது அபூர்வம். நெஞ்சு பாரமாக் கிடக்கு, கை கால் உளையுது, நித்திரை இல்லை, ஒண்டிலயும் மனம் போகுதில்லை. இப்படித்தான் சொல்வார்கள். ஓபிடியில் உளைவுக்குக் குளிசை கிடைக்கும். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே வரிசையில் நிற்பார்கள். எங்கட வயசுக்காரர் இதுக்கு நேர்மாறு. அசைன்மென்ட் பிந்தினாலே “டிப்ரெஷன் மச்சான்” என்போம். சொல்லை இவ்வளவு லேசாக எடுத்த நாங்களும், சொல்லே இல்லாமல் அதைச் சுமந்த எங்கட அம்மா அப்பாமாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு. மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்வது நாலு நாள் கவலையை இல்லை. குறைந்தது இரண்டு கிழமையாவது, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்க வேண்டும், அல்லது பிடித்த எதிலும் நாட்டம் அற்றுப்போக வேண்டும். கூடவே நித்திரை, பசி, களைப்பு, தன்னைத் தானே குற்றம் சொல்லுதல், சாவைப் பற்றிய யோசனை என்று பலதும் சேர்ந்து அன்றாட வேலையை முடக்கும். உடம்பு உளைவும் அதன் முகங்களில் ஒன்று. அதுக்காக உளைவு எல்லாமே மனச்சோர்வு ஆகாது.

இலங்கையில் மனநோய்க்கு அரசு செய்த முதல் வேலை, மதில் கட்டினது. 1873இல் வந்த சட்டம் நோயாளியை எப்படிக் குணமாக்குவது என்பதைவிட எப்படி அடைத்து வைப்பது என்பதையே கூட யோசித்தது. 1920களில் அங்கொடை வந்தது. மன்னாரிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தூரம் மட்டும் பிரச்சினை இல்லை. அங்கொடை என்பதே ஒரு ஏச்சாகிவிட்டது. வடக்கில் அதுக்குப் பதிலாக “மந்திகைக்கு அனுப்பவேணும்” என்பார்கள். போதாக்குறைக்கு, தற்கொலைக்கு முயல்வது 1998 வரைக்கும் இந்த நாட்டில் குற்றம். தப்பிப் பிழைத்தவர் பொலிசுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்படியிருக்க யார் வாயைத் திறப்பார்? கோயிலில் நேர்த்தி வைத்தார்கள், சாமியாரிட்ட செபம் கேட்டார்கள், மௌலவியிட்ட தண்ணி ஓதிக் குடித்தார்கள். இதைப் படித்தவர்கள் நக்கலடிப்பது எங்களுக்குப் பிடிக்கிறதில்லை. அங்கேயாவது ஒருத்தர் இருந்து கதையைக் கேட்டார்.

மருந்தோ தற்செயலாகக் கிடைத்த ஒன்று. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் நோயாளிகளின் மனதைக் கிளப்பிவிட்டது. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் குன் வேறொரு நோய்க்காகச் சோதித்த இமிப்பிரமின் மனச்சோர்வுக்கு உதவுவதைக் கண்டு 1957இல் எழுதினார். 1980களின் கடைசியில் புளுஒக்செற்றின் வந்து, பக்க விளைவு குறைந்த குளிசைகளின் காலம் தொடங்கியது. உலகம் அந்தக் குளிசையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் மன்னார் வெறிச்சோடத் தொடங்கியது.

1990இல் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தலைமன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் பக்கம் போனார்கள். மண்டபம் முகாம் நிரம்பியது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் ஆட்கள் கடல் வழியாகக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய அந்த வாழ்க்கை இருபது வருடத்தைத் தாண்டியது.

அவர்களிடம் மருத்துவர் செஸ்மல் சிறிவர்தனவும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. புத்தளத்தில் இருந்த இடம்பெயர்ந்த வளர்ந்தோர் 450 பேர். ஏதாவதொரு பொதுவான மனநோய் 18.8 வீதம். கடும் மனச்சோர்வு 5.1 வீதம். போர் என்றதும் எல்லாரும் தேடும் அந்த மனவடு நோய் 2.4 வீதம்தான். ஆனால் உடல் வருத்தமாக வெளிப்படும் கோளாறு 14 வீதம். இந்த எண்ணை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நெஞ்சு பாரம், கை கால் உளைவு என்ற அந்த வரிசை இதில் தெரிகிறது. யாருக்கு நோய் கூட என்று பார்த்தால், வேலை இல்லாதவர், துணையை இழந்தவர் அல்லது பிரிந்தவர், சாப்பாட்டுக்கு உறுதி இல்லாதவர்.

2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்த இன்னொரு ஆய்வு மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம் என்றது. அளந்த கருவி வேறு, காலம் வேறு; இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் இரண்டிலும் ஒன்று தெரிகிறது: எல்லாம் இழந்தவர்களில் பெரும்பாலானோர் நோயாளிகள் இல்லை. ஆகவே “போர் நடந்த இடம், எல்லாருக்கும் மனசு பாதிச்சிருக்கும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இரக்கம் மாதிரித் தெரிந்தாலும் உதவாது. உண்மையில் நோய்ப்பட்டவர் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோவார். மறுபக்கம், எல்லாத் துயரத்துக்கும் குளிசை எழுதினால் வீடு, காணி, தொழில் பற்றிய கேள்வி ஆஸ்பத்திரிக் கொப்பிக்குள் அடங்கிவிடும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதியது இதனால்தான். குடும்பமும் ஊரும் சேர்ந்து உடைந்ததை ஒரு ஆளின் மூளைக்குள் மட்டும் தேட ஏலாது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இது இன்னும் சிக்கல். 2018இல் மன்னார் சதொச வளவில் தோண்டத் தோண்ட முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. தன்ர பிள்ளை அதுக்குள்ள இருக்குமோ என்று காத்திருந்த தாய்மார் இருந்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனை அவை 15 முதல் 18ஆம் நூற்றாண்டுக்குள் அடங்கும் என்றது. குடும்பங்கள் பக்கத்தில் அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படி முடிவு தெரியாத இழப்புக்கென்றே தனிப்பெயர் வைத்தார். அழுது முடிக்கவும் ஏலாது, நம்பி இருக்கவும் ஏலாது. இதுக்கிடையில் அந்தத் தாய்க்கு மனச்சோர்வும் வந்திருந்தால் அதற்கு மருந்து வேண்டும், மகன் எங்கே என்ற கேள்விக்குப் பதிலும் வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை முடிந்த கணக்காக்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைப் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவரச் சொன்னது. இன்றைக்கு ஓரளவு லேசான மனச்சோர்வுக்கு உளவளத்துணையே முதல் வழி. கடுமையானதுக்கு மருந்தும் சேரும். அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. 1926க்கு அழைத்துத் தமிழிலும் கதைக்கலாம். குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும். வாய் காய்தல், வயிற்றுப் பிரட்டல் மாதிரி பக்க விளைவுகளோ முதல் நாளே வந்துவிடும். அதனால் “மருந்து பிடிக்கேல்ல” என்று பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுவார்கள். சுகம் வந்த பிறகும் ஆறு மாதமாவது எடுக்க வேண்டும், டொக்டரைக் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்பதை யாராவது இருந்து விளக்க வேண்டும். மன்னாரில் அதுக்கும் ஒரு தடை: காற்று மாற வாடி மாறும் தொழில். அடுத்த கரைக்குப் போனவருக்குக் கிளினிக் திகதி வரும்போது வள்ளம் கடலில் இருக்கும். அவருக்கு ஒரு மாதக் குளிசையை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா, அல்லது போன இடத்து ஆஸ்பத்திரியில் எடுக்கக் கடிதம் கொடுக்கலாமா என்பது பெரிய தத்துவம் இல்லை. கொப்பியைத் திறந்து “எப்ப வாடிக்குப் போறீங்கள்?” என்று கேட்டால் தெரிந்துவிடும்.