கலைத்தொழிற் சங்கம், லண்டன்

கலைகள், கைத்தொழில்கள், வாணிகம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் சங்கம் என்ற நீண்ட நாமத்தோடு 1754ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் லண்டனில் தோன்றி, புதியன காண்போருக்கும் அவற்றால் பயன்பெறுவோருக்கும் நடுவே நின்று இருசாராரையும் இணைத்துவைத்த ஸ்தாபனம் இது. நார்த்தாம்ப்டன் நகரத்துச் சித்திர ஆசிரியரான வில்லியம் ஷிப்லி, கவென்ட் கார்டன் பகுதியிலிருந்த ராத்மெல் காப்பிக்கடையில் பிரபுக்கள், விஞ்ஞானிகள், வணிகர் ஆகியோரைக் கூட்டி இதற்கு அடிகோலினார். அன்று கூடியவர் பதினொருவரே.

சங்கத்துக்குத் தொழிற்சாலையோ ஆராய்ச்சிசாலையோ கிடையாது. நாட்டுக்கு இன்ன பொருள் தேவையென நிச்சயித்து, அதைச் செய்துகாட்டுவோருக்கு இவ்வளவு பரிசென்று விளம்பரஞ் செய்து, வந்தவற்றைக் குழுக்களைக் கொண்டு பரீட்சித்து, தக்கவர்க்குச் சந்தாப் பணத்திலிருந்து பொன்னோ பதக்கமோ வழங்குவதே அதன் முறையாக இருந்தது. இறக்குமதியாகிவந்த கோபால்ட்டை உள்நாட்டிலேயே கண்டெடுத்தல், மஞ்சிட்டி இனத்துச் சாயச்செடியைப் பயிரிடுதல், சிறுவர் சிறுமியரின் சித்திரம் ஆகியவற்றுக்கே முதற்பரிசுகள் அறிவிக்கப்பட்டன. பேட்டன்ட் உரிமை பெற்ற சாதனத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரிசு கிடையாது. பரிசு பெற்ற சாதனத்தின் மாதிரி சங்கத்தின் காட்சிசாலையில் வைக்கப்பட்டது; எவரும் கண்டு அதுபோற் செய்துகொள்ள முடிந்தது. சங்கத்தின் உயிர்நாடியாக இருந்தது இந்த விதியே எனலாம்.

எனினும் நடுவில் நிற்பவரின் சக்திக்கும் ஓர் எல்லையுண்டு. புகைபோக்கிகளுக்குள் சிறுவரை ஏற்றிக் கரி துடைக்கும் கொடிய வழக்கத்தை ஒழிக்க விரும்பிய சங்கம், அவ்வேலைக்கு ஒரு கருவி வேண்டுமென்று பரிசு அறிவிக்க, ஜார்ஜ் ஸ்மார்ட் என்பார் உட்டுளையுள்ள தடிகளை ஒரே கயிற்றிற் கோத்து, உச்சியில் துடைப்பம் பொருத்தி, கயிற்றை இழுத்தால் அனைத்தும் ஒரே கோலாக விறைத்து நிற்குமாறு அமைத்து, 1805இல் தங்கப் பதக்கம் பெற்றார். கருவி கிடைத்தும் வீட்டுக்காரரும் தொழில் முதலாளிகளும் பழைய வழக்கத்தை விட்டாரில்லை. 1875ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே சிறுவருக்கு விமோசனம் கிட்டியது.

1843இல் ஆல்பர்ட் இளவரசர் தலைமையேற்றபின், ஹென்றி கோல் போன்ற உறுப்பினரின் ஊக்கத்தால் சங்கம் நடத்திவந்த சிறு கண்காட்சிகளே 1851ஆம் ஆண்டு ஹைடு பூங்காவில் நடந்த மாபெருங் கண்காட்சிக்கு வித்தாயின. பரிசளிப்பு படிப்படியாகக் குறைந்து, தொழிலாளருக்குப் பரீட்சை நடத்துதலும் சொற்பொழிவுகளும் அதன் இடத்தைப் பற்றின. ராயல் என்னும் அடைமொழி 1908இல் கிடைத்தது. கட்டிடக் கலைஞரான ஆடம் சகோதரர் தனக்கென எழுப்பிய இல்லத்துக்கு 1774இல் குடிபுகுந்த சங்கம், இன்றளவும் அங்கேயே இயங்கிவருகிறது.